நோரா அவுனோர்: எந்தப் படத்தில் தொடங்குவது, எந்தப் பிரதியைப் பார்ப்பது?

#1 – நிழல்மணி

பிலிப்பைன்ஸ் இயக்குநர்களான லினோ ப்ரோக்கா இழையிலும் இஷ்மாயல் பெர்னால் இழையிலும் நடிகை நோரா அவுனோரைப் பற்றித் துண்டு துண்டாகப் பேசியிருக்கிறோம். அவருக்கென்று ஓர் இழை இல்லை, ஆகவே இது. புதிதாக வருகிறவர்களுக்கு அடிப்படைத் தகவலை முதலில் போட்டுவிடுகிறேன்.

பிறப்பு 1953 மே 21, பிலிப்பைன்ஸின் பிகோல் பகுதியில் காமரினெஸ் சூர் மாகாணத்து இரிகா ஊர். இயற்பெயர் நோரா கபல்தேரா வில்லமயோர். ஏழைக் குடும்பம். சிறுமியாக இருந்தபோது இரிகா ரயில் நிலையத்தில் பயணிகளுக்குத் தண்ணீர் விற்றிருக்கிறார். 'அவுனோர்' அவரை வளர்த்த சித்தி குடும்பத்தின் பெயர். 1967-இல், 14 வயதில், 'தவாக் ங் தங்ஹாலான்' என்ற பாட்டுப் போட்டியில் வென்றார். அதே ஆண்டு சம்பாகிதா பிக்சர்ஸ் ஒப்பந்தம், சினிமாவில் சின்ன வேடங்கள். 2025 ஏப்ரல் 16 அன்று 71 வயதில் காலமானார். அரசு மரியாதையோடு வீரர்கள் கல்லறையான 'லிபிங்கான் ங் மங்கா பயானி'யில் அடக்கம்.

நடித்த படங்கள் 170-க்கு மேல். நம் ஆட்களில் பெரும்பாலோர் பெர்னாலின் 'ஹிமாலா' (அற்புதம், 1982) ஒன்றைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அடுத்தது என்ன, எந்த வரிசையில், எந்தப் பிரதி சரியானது என்று தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

#2 – வெண்திரை வள்ளி

ஹிமாலாவில் தொடங்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தப் படத்தில் அவர் முகம் கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அவர் சாதாரணமாக எப்படி அசைவார், எப்படிச் சிரிப்பார், எப்படிக் கோபப்படுவார் என்று தெரிந்த பிறகு பார்த்தால்தான் அந்த அசையாமை எவ்வளவு பெரிய உழைப்பு என்று புரியும்.

முதலில் ப்ரோக்காவின் 'போனா' (1980). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் படம், பின்னணி அரசியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போனா வசதியான வீட்டுப் பெண். கார்தோ என்கிற துணை நடிகன் மேல் பைத்தியமாகி, வீட்டை விட்டு வந்து, குடிசைப் பகுதியில் அவனுக்கு வேலைக்காரியாகவே ஆகிவிடுகிறாள். கார்தோவாக பிலிப் சால்வடோர். தண்ணீரைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். தண்ணீர் தூக்கி வருவது, அடுப்பில் வைப்பது, அவனைக் குளிப்பாட்டுவது என்று படம் முழுக்க ஓடும். கடைசியில், அவன் இவளை அம்போவென்று விட்டுவிட்டுக் கிளம்பப் போகிறான் என்று தெரிந்ததும், அதே அடுப்பில் அதே பாத்திரம் கொதிக்கிறது. நோரா அங்கே வசனம் பேசவில்லை. கொதிக்கும்வரை காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்பை ப்ரோக்கா வெட்டவே இல்லை.

இரண்டாவது 'மின்சாய் இசாங் கமு-கமோ' (1976), இயக்கம் லுபிதா அகினோ-கஷிவஹரா. அமெரிக்கா போகத் துடிக்கும் நர்ஸ் கொரஸோன். அமெரிக்க விமானப்படைத் தளத்துக் காவலாளி அவள் தம்பியைச் சுட்டுவிட்டு, காட்டுப்பன்றி என்று நினைத்தேன் என்கிறான். அவர் வெடித்து அழும் காட்சி அந்த நாட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். நோராவுக்கு உரத்து நடிக்க வராது என்று சொல்கிறவர்களுக்கு இந்தப் படம்தான் பதில்.

மூன்றாவதாக மாரியோ ஓஹாராவின் 'தத்லோங் தாவோங் வலாங் தியோஸ்' (கடவுள் இல்லாத மூன்று ஆண்டுகள், 1976). அதற்குப் பிறகு ஹிமாலா.

#3 – கடலோரம்

வள்ளி அக்கா, வரிசை நன்றாக இருக்கிறது. ஆனால் ஹிமாலாவை நான்காவதாகத் தள்ளியதை ஏற்க முடியவில்லை. இடையில் ஒரு படம் பிடிக்காமல் போனால் ஆள் அங்கேயே கழன்றுகொள்வார், ஹிமாலா வரை வந்து சேரவே மாட்டார். அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

எதைக் கவனிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும். குபாங் என்பது வறட்சியில் கிடக்கும் ஒரு கற்பனைக் கிராமம். எடுக்கப்பட்டது இலோகோஸ் நோர்த்தேயில், பவோய் பக்கத்து மணல்மேடுகளில். சூரிய கிரகணத்தன்று எல்சா என்கிற பெண், மாதாவைக் கண்டேன் என்கிறாள். நோயாளிகள் வருகிறார்கள். அவர்கள் பின்னால் வியாபாரிகள் வருகிறார்கள், விடுதி வருகிறது, கேமராவோடு ஓர்லி என்கிற படக்காரன் வருகிறான். கபுரா தீவில் 1960-களில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு நிகழ்வை வைத்து ரிக்கி லீ எழுதிய கதை இது. பல தயாரிப்பாளர்கள் வேண்டாம் என்றார்கள். கடைசியில் அரசு நிறுவனமான பிலிப்பைன்ஸ் பரிசோதனை சினிமா அமைப்பின் திரைக்கதைப் போட்டி வழியாகத்தான் படமானது. அதே அமைப்பு அதே சமயம் எடுத்த இன்னொரு படம் 'ஓரோ, பிளாதா, மாதா'. அன்றைய சர்வாதிகாரி மார்கோஸ் ஆட்சியின் பணத்தில், மார்கோஸ் மகளின் தலைமையில் இயங்கிய ஓர் அமைப்பிலிருந்து, மக்களை ஏமாற்றும் நம்பிக்கையைப் பற்றிய படம் வந்திருக்கிறது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம்தான்.

கடைசிக் காட்சியில் சுமார் 3,000 துணை நடிகர்கள். எல்சா மேட்டில் நின்று, அற்புதம் எதுவும் இல்லை என்கிறாள். நோரா குரலை எங்கே ஏற்றுகிறார் என்று கேளுங்கள். சத்தம் போட்டே ஆரம்பித்திருக்கலாம், அவர் அப்படிச் செய்யவில்லை. ஒலிபெருக்கி இருக்கிறது என்று தெரிந்தே தாழ்ந்த குரலில் பேச ஆரம்பிக்கிறார். கூட்டம் அமைதியாக வேண்டிய கட்டாயத்தை அந்தக் குரல்தான் உண்டாக்குகிறது. அதன் பிறகுதான் ஏறுகிறது.

1983 பெர்லின் விழாவில் போட்டிப் பிரிவுக்குத் தேர்வான படம் இது. ஆசிய-பசிபிக் பகுதியின் தலைசிறந்த படம் எது என்று 2008-இல் சிஎன்என் நடத்திய பார்வையாளர் வாக்கெடுப்பிலும் இதுதான் வென்றது.

#4 – புதுமுகம்_27

ஹிமாலா என்று தேடினால் பாட்டுப் பாடும் ஒரு படம் வருகிறது. அதுதானா? ரொம்பப் புதுசாக இருக்கிறதே.

#5 – பழைய ரீல்

அது இல்லை தம்பி. நீங்கள் பார்த்தது 2024-இல் பெப்பே தியோக்னோ இயக்கிய 'இசாங் ஹிமாலா'. ஹிமாலாவை முதலில் மேடை இசை நாடகமாக்கினார்கள், அந்த நாடகத்திலிருந்து வந்த படம் அது. அதில் எல்சாவாக வருவது ஐசெல் சாந்தோஸ். நல்ல முயற்சிதான், ஆனால் நோரா படத்தைப் பார்த்த பிறகு பாருங்கள். 'ஹிமாலா' என்ற பெயரில் ஒரு புகழ்பெற்ற ராக் பாட்டும் இருப்பதால் தேடலில் அதுவும் குறுக்கே வரும். 1982 என்ற ஆண்டையும் பெர்னால் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

பிரதி விஷயத்துக்கு வருகிறேன். ஹிமாலாவுக்கு இரண்டு வகைப் பிரதிகள் சுற்றுகின்றன. ஒன்று பழைய டிவி ஒளிபரப்பிலிருந்து எடுத்தது. இன்னொன்று ஏபிஎஸ்-சிபிஎன் தொலைக்காட்சி நிறுவனத்தின் காப்பகமும் சென்ட்ரல் டிஜிட்டல் லேபும் சேர்ந்து மீட்டெடுத்தது. மீட்டெடுத்த பிரதி 2012-இல் வெனிஸ் விழாவின் செவ்வியல் பிரிவில் திரையிடப்பட்டது. எது எது என்று கண்டுபிடிக்க மணல்மேட்டுக் காட்சிகளுக்குப் போங்கள். பழையதில் மணலும் வானமும் ஒரே வெளிறிய பழுப்பாகக் கலந்துவிடும், தூரத்தில் நடக்கிறவர்கள் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டார்கள். பெர்னால் இந்தப் படத்தில் ஆட்களைத் தொலைவில் வைத்தே எடுத்திருக்கிறார் என்பதால் பழைய பிரதியில் பார்த்தால் பாதிப் படம் போச்சு.

போனாவின் கதை வேறு. பல வருடங்கள் நல்ல பிரதியே கிடையாது. மூல நெகட்டிவ் பிரான்ஸில் இருந்ததால் பிழைத்தது. அதிலிருந்து கார்லோத்தா பிலிம்ஸும் கானி ரிலீஸிங்கும் மீட்டெடுத்த பிரதி 2024-இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவில் வந்தது. அதே படம் 1981-இல் அதே ஊரில் இயக்குநர்களின் இருவாரம் பிரிவில் ஓடியது. இப்போது யாராவது போனாவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2024 பிரதியைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். மணிலாவின் கியாப்போவில் நடக்கும் கறுப்பு நசரேயன் (கறுப்பு இயேசு சிலை) ஊர்வலத்தில் படம் தொடங்கும். பழைய நகலில் அந்தக் கூட்டத்தில் ஒரு முகமும் தெரியாது, வெறும் கறுப்புக் கறை.

பாக்கிப் படங்கள் ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று கேட்பீர்கள். அக்காலப் படச்சுருள் செல்லுலோஸ் அசிடேட். ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தாலே காடி வாடை அடிக்கும். விட்ட அமிலமே மீதிச் சுருளை இன்னும் வேகமாக அரிக்கும், பக்கத்து டப்பாவுக்கும் தொற்றும். சுருள் சுருங்கி வளைந்துவிட்டால் ஓரத் துளைகள் ஸ்கேனர் பற்களோடு பொருந்தாது. மணிலாவின் தட்பவெப்பத்தில் குளிரூட்டாத அறையில் வைத்தால் இது நடந்தே தீரும். காப்பகத்தில் இதைச் சோதிக்கச் சாயம் தோய்த்த தாள் துண்டை டப்பாவுக்குள் போடுவார்கள். நீலமாகவே இருந்தால் பிழைத்தது. பச்சையானால் சிதைவு தொடங்கிவிட்டது, உடனே குளிரில் வைத்து நகல் எடுக்க வேண்டும். மஞ்சளானால் அவசரம்.

#6 – ஒலிநாடா

ரீல் அண்ணா சொன்னதோடு ஒன்று. அக்காலப் பிலிப்பைன்ஸ் படங்களில் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகுதான் குரல் சேர்ப்பார்கள். உதடும் சத்தமும் இம்மி பிசகியிருந்தால் பிரதியைக் குறை சொல்ல வேண்டாம், படமே அப்படித்தான்.

நோராவை எல்லாரும் நடிகையாகவே பேசுகிறோம். அவர் முதலில் பாடகி. ஆல்பா ரெக்கார்ட்ஸில் பதிவான 'பேர்லி ஷெல்ஸ்' (1971) அந்த நாட்டில் மிக அதிகம் விற்ற தனிப்பாடல் தட்டுகளில் ஒன்று. பாட்டில் அவர் மூச்சு வாங்கும் இடத்தைக் கேட்டுப் பழகியவர்களுக்கு வசனத்தில் அவர் விடும் இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று புரியும். வரியின் கடைசி அசையை இழுக்காமல் சட்டென்று விட்டுவிடுவார். போனாவிலும் அப்படியேதான் பேசுகிறார்.

2010 வாக்கில் ஜப்பானில் செய்துகொண்ட ஒரு அழகு சிகிச்சை தவறிப்போய்ப் பாடும் குரலை இழந்தார். பிறகு வந்த படங்களில் கேட்கும் கரகரப்பு அதனால். 2012-க்குப் பிந்தைய படங்களைப் பார்க்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய குரல் போன பிறகு அவர் இன்னும் குறைவாகப் பேசும் வேடங்களை எடுத்தார், அது அவருக்குப் பொருந்தவும் செய்தது.

#7 – வெண்திரை வள்ளி

ஒலிநாடா சொன்ன பாடகிக் காலத்தில்தான் தீர்சோ குரூஸோடு ஜோடி. 'கை அண்ட் பிப்' என்பார்கள், கை நோரா, பிப் தீர்சோ. 'ஆத்தே கை' (கை அக்கா) என்று ரசிகர்கள் கடைசிவரை கூப்பிட்டது அந்தப் பெயரில்தான். மரியா லியோனோரா தெரேசா என்று ஒரு பொம்மைக்குப் பெயர் வைத்து அதை இவர்கள் குழந்தையாகவே ரசிகர்கள் கொண்டாடினார்கள். அந்த ஆண்டுகளில் ஒரே வருடத்தில் பத்துக்கும் மேல் படங்கள். பெரும்பாலும் பாட்டுப் படங்கள், அவசரத்தில் எடுத்தவை. ஆய்வுக்கு வேண்டுமானால் ஒன்றிரண்டு பாருங்கள், மற்றபடி அவற்றில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் படங்களுக்கு வந்த கூட்டத்தைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. அதுவரை அங்கே நட்சத்திரம் என்றால் வெள்ளைத் தோல், கூரிய மூக்கு, ஸ்பானியக் கலப்பு முகம். நோரா குள்ளம், மாநிறம். வீட்டு வேலை செய்யும் பெண்களும் தொழிற்சாலைப் பெண்களும் தங்கள் நிறத்தில் ஒரு முகத்தை முதன்முறையாகத் திரை முழுக்கப் பார்த்தார்கள். மேல்தட்டு விமர்சகர்கள் இந்தக் கூட்டத்தை மரச்செருப்புக் கூட்டம், 'பக்யா' என்று இளக்காரமாக எழுதினார்கள். 'நோரானியன்' என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்கள்தான். எதிர்முகாம், போட்டி நடிகை வில்மா சாந்தோஸின் 'வில்மானியன்'. 1978-இல் பெர்னாலின் 'இகாவ் ஐ அகின்' படத்தில் இருவரும் சேர்ந்து நடித்தார்கள். படத்தின் கடைசியில் இருவரும் எதிரெதிரே, வசனமே இல்லாமல், பார்வையால் மட்டும் பேசிக்கொள்வதைப் பார்த்துவிட்டு எந்த முகாம் என்று முடிவு செய்யுங்கள். அதே ஆண்டு மணிலா விழாவில் ஆண், பெண் பிரிக்காமல் 'சிறந்த கலைஞர்' என்று ஒரே விருது. 'அத்சாய்' (வேலைக்காரி) படத்துக்காக நோரா வாங்கினார். வில்மா ரசிகர்களுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

#8 – நிழல்மணி

அவருடைய கண்ணைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. கண்ணைப் பற்றியே பேசிப் பேசி அவர் செய்த இன்னொரு வேலை மறைந்துபோகிறது. அது தயாரிப்பு.

என்வி புரொடக்‌ஷன்ஸ் அவருடைய சொந்த நிறுவனம். பாட்டுப் படங்களிலும் தட்டு விற்பனையிலும் சம்பாதித்த பணத்தை அவர் எதில் போட்டார் என்று பாருங்கள்.

'பனாவே' (1975). ஹெராடோ தெ லியோன் அந்த நாட்டின் மூத்த மேதை, அப்போது வாய்ப்பில்லாமல் இருந்தவர். அவருக்கு நோரா கொடுத்த இந்தப் படம்தான் அவர் முடித்த கடைசிப் படம்.

'தத்லோங் தாவோங் வலாங் தியோஸ்' (1976). ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலம். ஊர்ப் பள்ளி ஆசிரியை ரொசாரியோ. அவளுக்கு நிச்சயம் செய்யப்பட்ட கிறிஸ்பின் கெரில்லாவாகக் காட்டுக்குப் போகிறான். ஜப்பானிய-பிலிப்பினோ அதிகாரி மசுகி அவளைப் பலவந்தம் செய்கிறான், பின்பு அவளிடமே மன்னிப்புக் கேட்டு நிற்கிறான், அவள் அவனோடு வாழ ஆரம்பிக்கிறாள். போர் திரும்பியதும் ஊரே அவளைத் துரோகி என்று பிடிக்கிறது. மாரியோ ஓஹாரா அப்போது இயக்குநராகப் பெயர் வாங்காதவர். எதிரியை மனிதனாகக் காட்டும் இப்படிப்பட்ட கதையில், 'சூப்பர் ஸ்டார்' என்று அழைக்கப்பட்ட 23 வயது நடிகை சொந்தக் காசைப் போட்டார். விமர்சகர்கள் வழங்கும் கவாத் உரியான் விருது தொடங்கிய முதல் ஆண்டின் சிறந்த நடிகை விருது இதற்குத்தான்.

பிறகு போனா. கண்மூடித்தனமான ரசிகப் பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லும் படத்துக்கு, அந்த நாட்டிலேயே மிகப் பெரிய ரசிகர் கூட்டம் வைத்திருந்தவர் பணம் போட்டிருக்கிறார். ரசிகையாக நடித்தவரும் அவரே. தன் ரசிகர்கள் பார்த்தே ஆக வேண்டிய ஒன்றைத் தன் செலவில் எடுத்துக்கொடுத்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன். இரண்டாவது உரியான் விருது இதற்கு.

1989-இல் 'கிரேட்டஸ்ட் பெர்பார்மன்ஸ்' என்று ஒன்றை அவரே இயக்கி நடித்தார், அது திரையரங்குக்கு வரவே இல்லை. அது கிடைக்கும் நாளில் நோராவைப் பற்றி எழுதியதையெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

#9 – கடலோரம்

மணி சார், தயாரிப்பைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கண்ணைப் பற்றிப் பேசுவதை ஒதுக்கவும் முடியாது. அது இயற்கை வரம் என்று சொல்லிவிட்டுப் போவதில்தான் தப்பு. அதில் தெளிவான ஒரு முறை இருக்கிறது.

எதிரில் இருப்பவர் பேசும்போது பெரும்பாலான நடிகர்கள் கேட்டு முடித்த பிறகே முகம் மாறுவார்கள். நோரா வாக்கியத்தின் நடுவிலேயே மாறுவார், எந்தச் சொல்லில் விஷயம் உறைத்ததோ அந்தச் சொல்லில். தலை அசையாது, புருவம் தூக்க மாட்டார். முதலில் பார்வை எதிராளியின் கண்ணை விட்டு அரை அடி கீழே இறங்கும், பிறகு திரும்ப வரும். அழுகைக் காட்சிகளில் கண்ணீர் திரண்ட பிறகும் இமைக்காமல் பிடித்துவைப்பார். தத்லோங் தாவோங் படத்தில் மசுகி வீட்டுக்குச் சாமான்களோடு வரும் காட்சிகளை ஒலியை நிறுத்திவிட்டு ஒரு தரம் பாருங்கள், இவ்வளவும் தெரியும். நடிப்புப் பழகுகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் ஹிமாலாவை விட இந்தப் படம்தான் பாடம்.

#10 – சிங்கை வாசகி

'தி ஃப்ளோர் கொன்டெம்ப்லாசியன் ஸ்டோரி' (1995) இன்னும் யாரும் பட்டியலில் சேர்க்கவில்லை. இங்கே சிங்கப்பூரில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த ஃப்ளோர், டெலியா மகா என்ற சக பணிப்பெண்ணையும் ஒரு சிறுவனையும் கொன்றதாகத் தீர்ப்பாகி, 1995 மார்ச் 17 அன்று சாங்கி சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று பிலிப்பைன்ஸில் பெரும்பான்மையோர் நம்பினார்கள். இரு நாடுகளும் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் அளவுக்கு உறவு கெட்டது. படம் அதே ஆண்டு வந்தது. இயக்கம் ஜோயல் லமங்கான், எழுத்தில் ரிக்கி லீ.

பார்க்கும்போது இரண்டு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். ஒன்று, இது ஒரு தரப்பின் நம்பிக்கையைச் சொல்லும் படம். நீதிமன்றத்தில் நடந்ததை அறிய இதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம். இரண்டு, தேடும்போது 'பகோங் பயானி' என்று டிக்கோய் அகிலுஸ் எடுத்த இன்னொரு படமும் வரும். அதே வழக்கு, அதே ஆண்டு, ஆனால் ஃப்ளோராக நடித்தது ஹெலன் கம்போவா.

கெய்ரோ விழாவில் நோராவுக்குச் சிறந்த நடிகை விருது. கூச்சலும் அழுகையுமாக எடுக்கப்பட்ட படம்தான், லமங்கான் பாணி அது. ஆனால் சிறையில் பிள்ளைகளைச் சந்திக்கும் இடத்தில் மற்ற எல்லாரும் கதற, நோரா ஒருவர் மட்டும் அடங்கி நடிக்கிறார். இதற்கு முன்பே 'டிஹெச்' என்ற மேடை நாடகத்தில் 1992-இல் வெளிநாட்டுப் பணிப்பெண்ணாக நடித்துப் பழகியவர். நர்ஸ், பணிப்பெண், வேலைக்காரி என்று பிழைப்புக்காக ஊரை விட்டுப் போகும் பெண்களின் வரிசை முழுவதும் அவர் வேடங்களில் இருக்கிறது: 1976-இல் கமு-கமோ, 1978-இல் அத்சாய், 1984-இல் 'மெரிகா', 1995-இல் இது. இந்த நான்கையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிலிப்பைன்ஸ் பெண்களின் உழைப்பு எப்படி ஏற்றுமதிப் பொருளானது என்று தெரிந்துவிடும்.

#11 – பழைய ரீல்

பிற்காலப் படங்களையும் எழுதிவிடுவோம். 2003 வாக்கில் அமெரிக்கா போனார். 2005-இல் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் போதைப்பொருள் வைத்திருந்ததாகக் கைது. நீதிமன்றம் மறுவாழ்வுத் திட்டத்துக்கு அனுப்பியது, அதை முடித்த பின் வழக்கு தள்ளுபடி. 2011-இல் நாடு திரும்பினார்.

திரும்பிய மறு ஆண்டே 'சினாபுபுனான்' (தை வூம்ப், 2012), இயக்கம் பிரிலான்தே மெந்தோசா. தாவி-தாவித் தீவுகளில் பஜாவ் மக்களின் கடல்மேல் வீடுகளுக்கு நடுவே எடுத்தது. ஷாலேஹா மருத்துவச்சி. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறவளுக்குப் பிள்ளை இல்லை. கணவனுக்கு இரண்டாம் தாரம் தேடித் தானே வீடு வீடாகப் படகில் போகிறாள். பெண் வீட்டார் கேட்கும் பணத்துக்காகப் பாய் பின்னி விற்கிறாள். தான் பார்த்த ஒவ்வொரு பிரசவத்திலிருந்தும் தொப்புள்கொடித் துண்டை எடுத்துச் சேர்த்துவைக்கும் பழக்கம் அவளுக்கு. இது ஏன் முதலிலேயே காட்டப்படுகிறது என்பது கடைசிப் பிரசவத்தில் விளங்கும், அதைச் சொல்லிக் கெடுக்க மாட்டேன்.

கணவனாக நடித்த பெம்போல் ரோக்கோவைக் கவனியுங்கள். 36 ஆண்டுகளுக்கு முன் தத்லோங் தாவோங்கில் கிறிஸ்பினாக வந்தவர் அவர்தான். இரண்டையும் பார்த்துவிட்டுப் பார்க்கிறவர்களுக்கு இந்த ஜோடியின் மௌனம் வேறு மாதிரி கனக்கும்.

வெனிஸ் 2012 போட்டிப் பிரிவில் இந்தப் படம். அதே விழாவில், நான் மேலே சொன்ன ஹிமாலா மீட்பும். முப்பது வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களோடு ஒரே நடிகை ஒரே விழாவில் நின்றார். ஆசிய பசிபிக் திரை விருதும், 2013 ஆசியத் திரைப்பட விருதும் இதற்கு.

பிறகு 'தக்லூப்' (2015), ஹையான் புயலுக்குப் பிந்தைய தக்லோபான் நகரம், கான் விழாவின் அன் செர்த்தன் ரெகார் பிரிவு. 'ஹினுலிட்' (2016) அவருடைய தாய்மொழியான பிகோல் மொழியிலேயே எடுத்த படம். 'சினாபுபுனான்' படத்திலும் பேச்சு பெரும்பாலும் நாட்டின் பொதுமொழியான தகாலோக் அல்ல. ஆகவே இந்த இரண்டுக்கும் தகாலோக் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தாலும் வசன வரி இல்லாமல் ஆகாது.

#12 – புதுமுகம்_27

தேசியக் கலைஞர் விருது இரண்டு தடவை மறுத்தார்கள் என்று படித்தேன். என்ன காரணம்?

#13 – வெண்திரை வள்ளி

2014-இல் தேர்வுக்குழு பரிந்துரைத்த பட்டியலிலிருந்து அதிபர் மூன்றாம் பெனிக்னோ அகினோ அவர் பெயரை எடுத்தார். சொன்ன காரணம் போதைப்பொருள் வழக்கு. ரீல் மேலே எழுதியிருக்கிறார் பாருங்கள், அந்த வழக்கு தள்ளுபடியாகி ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2018-லும் பெயர் விடுபட்டது. 2022 ஜூனில், திரைப்படம் மற்றும் ஒலிபரப்புக் கலைக்காக, ரிக்கி லீ, மறைந்த இயக்குநர் மரிலூ தியாஸ்-அபாயா இருவரோடும் சேர்த்து நோராவுக்கு வழங்கினார்கள். ஹிமாலாவை எழுதியவருக்கும் எல்சாவாக நின்றவருக்கும் ஒரே பட்டியலில் வந்தது எனக்கு நிறைவு. கலைக்கான விருதை எட்டு வருடம் நடத்தைச் சான்றிதழாக நடத்தியது அநியாயம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

#14 – புதுமுகம்_27

நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. ஹிமாலாவுக்கு ஒரு வசன வரிக் கோப்பு கிடைத்தது. ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, போகப்போக எழுத்து பின்தங்குகிறது. தள்ளிவைத்துப் பார்த்தேன், சரியாகவில்லை.

#15 – ஒலிநாடா

தள்ளிவைத்தால் சரியாகாது, இது வேகக் கோளாறு. உங்கள் படம் ஐரோப்பிய டிவி வழியாக வந்த பிரதியாக இருக்கும், நொடிக்கு 25 பிரேம். வசன வரி 24 பிரேமுக்கு எழுதியது. முழுப்படம் 124 நிமிடம் என்றால் உங்களுடையது 119 நிமிடத்தில் முடியும். அந்த நீளத்தை முதலில் பாருங்கள். 119 என்றால் வசன வரிக் கோப்பின் எல்லா நேரங்களையும் 0.96-ஆல் பெருக்க வேண்டும். வசன வரி திருத்தும் எந்த மென்பொருளிலும் பிரேம் வேகத்தை 24-இலிருந்து 25-க்கு மாற்றும் வசதி இருக்கும், அதையே பயன்படுத்தலாம். மாற்றிய பிறகு முதல் வசனத்தையும், மேட்டில் எல்சா பேசும் கடைசி வசனத்தையும் ஒத்துப்பாருங்கள். இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் அப்போதுதான் தள்ளிவைக்க வேண்டும்.

கடைசியில் ஏழு நொடி அளவுக்கு மட்டும் விலகல் என்றால் அது 23.976-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம். 0.999 அல்லது 1.001-ஆல் பெருக்கினால் போதும்.

படத்தில் ஆட்கள் அசையும்போது ஓரத்தில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் அது டிவிப் பிரதி. ஐந்து பிரேமில் இரண்டு மட்டும் கோடு விழுகிறது என்றால் 24-ஐ 30 ஆக்கியபோது வந்தது, சாதாரண டீஇன்டர்லேஸ் (கோடு நீக்கும் வடிகட்டி) போட்டால் அசைவு திக்கும். தலைகீழ் டெலிசினி வடிகட்டியைப் போடுங்கள், 24 பிரேம் திரும்பக் கிடைக்கும்.

#16 – பழைய ரீல்

இவ்வளவு பாடுபட வேண்டாம் தம்பி, மீட்டெடுத்த பிரதியைத் தேடிப் பிடியுங்கள். ஏபிஎஸ்-சிபிஎன் காப்பகத்தினர் அதிகாரபூர்வமாக வெளியிடும்போது ஆங்கில வசன வரியோடு வெளியிடுவார்கள். 2020-இல் அந்த நிறுவனத்தின் ஒளிபரப்பு உரிமம் போனபோது காப்பக வேலைக்கும் அடி விழுந்தது. நோராவின் எழுபதுகளின் படங்கள் இன்னும் எத்தனையோ வரிசையில் காத்திருக்கின்றன, அவர்கள் வெளியிடுவதைக் காசு கொடுத்துப் பாருங்கள்.